உலோகத்தின் முகத்தில் அணுவைக் கண்டவர்கள்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் மாணவர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

விஞ்ஞானத் துறையைப் பற்றி மாணவர்க்குப் பயன்படுமாறு ஏதேனும் பேசவேண்டும் என்று விழாக் குழுவினர் எங்களைப் பணித்தனர். விண்வெளிப் பயணத்தைப் பற்றிப் பேசலாம் என்றார் ஒருவர். கணிப்பொறியைப் பற்றிப் பேசலாம் என்றார் மற்றொருவர். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளோ ஓர் ஊசி முனை. டங்ஸ்டன் என்னும் உலோகக் கம்பியைக் கூர்தீட்டிச் செய்த முனை. அம்முனையின் பரப்பை ஆராய்ந்த ஒரு பேராசிரியரும், அவரிடம் டாக்டர் பட்டத்திற்காக வந்து சேர்ந்த மாணவர் சிலரும் செய்த பணியே இன்றைய உரையின் பொருளாகும். அம்மாணவருள் ஒருவர் நம் பாரத நாட்டிலிருந்து சென்றவர் என்பதை முன்னரே சொல்லி வைக்கிறோம்; அவரிடம் பிறகு வருவோம்.

பேராசிரியரின் பெயர் எர்வின் முல்லர். 1911இல் பெர்லின் நகரில் பிறந்தவர். தந்தையார் கட்டட வேலை செய்து பிழைத்தவர். வீட்டுக் கூரையின் உட்புறத்திற்குச் சுண்ணப் பூச்சு வேலை செய்பவர். அத்தகைய குடும்பத்தின் ஒரே மகன், பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, குஸ்தாவ் ஹெர்ட்ஸ் என்ற பேரறிஞரிடம் ஆராய்ச்சி மாணவரானார். இந்த ஹெர்ட்ஸ், வானொலி அலைகளைக் கண்டறிந்த ஹென்ரிக் ஹெர்ட்ஸின் சகோதரர் மகன். 1925ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசை ஜேம்ஸ் பிராங்குடன் பகிர்ந்து கொண்டவர். முதல் உலகப் போரில் தம் நாட்டுக்காகப் போர்முனை சென்று கடுங்காயம் பட்டவர். இவ்வளவு இருந்தும், அவருடைய பாட்டனார் யூத குலத்தில் பிறந்தவர் என்னும் ஒரே காரணத்திற்காக நாஜி ஆட்சியில் அவருடைய உரிமைகள் பறிக்கப்பட்டன. 1935இல் அவர் பேராசிரியர் பதவியை விட்டு நீங்க நேர்ந்தது. தாம் செய்யாத ஒன்றுக்காக, தமக்கு முன் இரண்டு தலைமுறைக்கு அப்பால் நிகழ்ந்த ஒரு பிறப்புக்காக, ஓர் அறிஞர் வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்டார் என்பதை இந்த அவையில் இருப்பவர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கல்கத்தாவில் பயின்ற நாளில் மாணவர் விடுதியிலேயே சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மேகநாத சாகாவையும் நாம் அறிவோம். சூடேறிய உலோகப் பரப்பில் அணுக்கள் எந்த அளவில் அயனிகளாக மாறும் என்பதைக் கூறும் சமன்பாடு இன்றும் சாகா, லாங்மூர் ஆகிய இருவர் பெயராலேயே வழங்குகிறது.

ஹெர்ட்ஸ் கல்லூரியை விட்டுச் சீமன்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்திற்குச் சென்றார். முல்லரும் அந்நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பணியில் சேர்ந்தார். அவர்தம் முதற் கருவி 1936இல் பிறந்தது.

அக்கருவியின் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குடுவை. அதன் நடுவே டங்ஸ்டன் ஊசி. எதிரே, எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பூச்சுத் திரை. ஊசிக்கு எதிர்மின் அழுத்தம் தரப்படுகிறது. கூர்மையான முனையில் மின்புலம் குவியும் என்பதை இடிதாங்கியைக் கண்ட எவரும் அறிவர். இந்த முனையோ மிக மிக நுண்ணியது. அதன் வளைவின் ஆரம் ஒரு சென்டிமீட்டரில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. அங்குக் குவியும் புலம் எலக்ட்ரான்களை உலோகத்திலிருந்து வெளியே உருவி எடுத்துவிடுகிறது. சாதாரணமாக எலக்ட்ரான்கள் உலோகத்தை விட்டு வெளிவர மாட்டா. அவற்றைத் தடுக்கும் ஆற்றல் அரண் ஒன்று பரப்பில் உண்டு. புலம் வலுக்கும்போது அந்த அரண் மெலிகிறது. மெலிந்த அரணை எலக்ட்ரான் ஏறிக் கடப்பதில்லை. ஊடுருவியே வெளிவந்து விடுகிறது. பழைய இயற்பியலில் இதற்கு இடமே இல்லை. குவாண்டம் கொள்கையைக் கொண்டு பௌலர், நார்தைம் ஆகிய இருவரும் 1928இல் இதனை விளக்கினர்.

வெளிவந்த எலக்ட்ரான்கள் முனையின் பரப்பிலிருந்து நாற்புறமும் விரிந்து திரையைத் தாக்குகின்றன. சிறு முனையின் சித்திரம் பெரிய திரையில் விரிகிறது. இதில் கண்ணாடி வில்லை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். முனையின் ஆரம் எவ்வளவு, திரை எவ்வளவு தூரம் என்ற விகிதமே உருப்பெருக்கத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. பத்து இலட்சம் மடங்கு என்பது இதில் அரிய செயலன்று. ஆயினும் அணுக்கள் தெரியவில்லை. எலக்ட்ரான்கள் பக்கவாட்டிலும் சிறிது ஓடுகின்றன. அதனால் படம் கலங்கிவிடுகிறது. உலோகப் படிகத்தின் எந்த முகத்திலிருந்து மிகுதியாக எலக்ட்ரான் வருகிறது, எந்த முகத்திலிருந்து குறைவாக வருகிறது என்பது தெரிந்தது. வேறொரு பொருள் பரப்பின்மேல் படிந்தால் ஒளி மாறுவது தெரிந்தது. அணு மட்டும் முகம் காட்டவில்லை.

போர் மூண்டது, முடிந்தது, பெர்லின் இடிபாடாயிற்று. முல்லர் விடவில்லை. 1951இல் அதே ஊசியின் மின்னழுத்தத்தைத் திருப்பிப் போட்டார். எதிர்மின் முனையை நேர்மின் முனையாக்கினார். குடுவைக்குள் மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினார். இப்போது முனையருகே வரும் வாயு அணு, தன் எலக்ட்ரானை உலோகத்திற்குக் கொடுத்துவிட்டு நேர்மின் அயனியாகி, திரையை நோக்கித் தள்ளப்படுகிறது. அயனி எங்கிருந்து புறப்பட்டதோ அந்த இடத்தின் செய்தியைத் திரையில் ஒரு புள்ளியாக எழுதுகிறது. புல அயனி நுண்ணோக்கி என்று இதற்குப் பெயர். படம் முன்னினும் தெளிவாக இருந்தது. ஆயினும் அணு தனித்தனியே தெரிந்தது என்று உறுதி கூறும் அளவுக்குத் தெளிவில்லை. அதன்பின் அவர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகச் சென்று சேர்ந்தார்.

இங்கேதான் நம் நாட்டு மாணவர் வருகிறார். அவர் பெயர் கன்வர் பகதூர். முல்லரிடம் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர். ஆசிரியரும் மாணவரும் எடுத்துக்கொண்ட வினா இதுதான்: படம் ஏன் கலங்குகிறது? விடை வெப்பத்தில் இருந்தது. வெப்பமான முனையில் மோதும் வாயு அணுவும் வெப்பம் பெற்றுத் துள்ளுகிறது. துள்ளும் அணு அயனியாகும்போது நேரே திரைக்குப் போகாமல் பக்கவாட்டில் சற்றே விலகிப் போகிறது. கை நடுங்குகிறவர் இட்ட கோலப் புள்ளிபோல் ஒவ்வொரு புள்ளியும் பரந்து அடுத்த புள்ளியோடு கலந்துவிடுகிறது. நடுக்கத்தை அடக்க வேண்டுமானால் முனையைக் குளிர்விக்க வேண்டும். திரவமாக்கப்பட்ட வாயுவைக் கொண்டு முனையைக் கடுங்குளிருக்குக் கொண்டுசென்றனர். ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியத்தைச் செலுத்தினர்.

ஹீலியத்தை ஏன் தேர்ந்தனர் என்பதைச் சற்று நின்று நோக்குதல் நலம். தன் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்காத பிடிவாதம் மிக்க அணு அது. அதனை அயனியாக்க வேண்டுமானால் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 45 கோடி வோல்ட் அளவில் மின்புலம் வேண்டும். 45 கோடி என்றவுடன் பெரிய மின் நிலையம் எதுவும் வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். முனையின் ஆரம் ஒரு சென்டிமீட்டரில் 2,00,000இல் ஒரு பங்காக இருந்தால், 11,000 வோல்ட் அளவிலேயே அந்தப் புலம் கிட்டிவிடும். நம் ஊர்ப்புறத்து மின்கம்பத்தில் செல்லும் உயர் அழுத்தத்திற்கு இணையான அளவுதான். கூர்மையின் வலிமை அத்தகையது.

இவ்வளவு வலிய புலத்தில் மற்றொரு நன்மையும் விளைந்தது. முனையில் ஏதேனும் ஓர் அணு துருத்திக்கொண்டு நின்றால், அங்கே புலம் மேலும் வலுத்து அந்த உலோக அணுவையே பிடுங்கி எறிந்துவிடுகிறது. தச்சர் இழைப்புளியால் மேடுகளைச் சீவுவதுபோல மின்புலமே முனையை அணு அணுவாகச் சீவி வழவழப்பாக்குகிறது. மனிதக் கையால் ஒருபோதும் ஆக்க முடியாத தூய்மையான உலோகப் பரப்பு அப்போது நமக்குக் கிடைக்கிறது. சாதாரண உலோகத்தின் மேல் எப்போதும் காற்றும் ஈரமும் அழுக்கும் படிந்த ஒரு போர்வை உண்டு. நாம் உலோகம் என்று தொடுவது பெரும்பாலும் அந்தப் போர்வையைத்தான்.

1955 அக்டோபர் 11ஆம் நாள் முல்லரும் கன்வர் பகதூரும் திரையில் டங்ஸ்டன் அணுக்களைத் தனித்தனியே கண்டனர். அணுவைத் தனியே கண்ணால் கண்ட முதல் மனிதர் இவ்விருவர் என்று விஞ்ஞான வரலாறு கூறுகிறது. அணு உண்டா இல்லையா என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தத்துவ ஞானிகள் வாதிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் எர்ன்ஸ்ட் மாக் போன்ற பெரியோர் அணுவை ஒப்புக்கொள்ள மறுத்தனர். அந்த வழக்கு வேறு சான்றுகளால் அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பது உண்மையே. ஆயினும் சான்றை அறிவதும் நேரில் காண்பதும் ஒன்றாகுமா?

அவர்கள் கண்ட காட்சியை உங்கள் மனக்கண் முன் நிறுத்த முயல்கிறோம். கோலிக்குண்டுகளை நெருக்கமாய் ஒழுங்காய் அடுக்கி ஒரு குவிமாடம் செய்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். குண்டுகள் அடுக்கடுக்காக இருப்பதால் மாடம் முழுதும் வழவழப்பாக இராது, படிப்படியாக இருக்கும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் உள்ள குண்டுகள் சற்றே புறத்தே நீண்டு நிற்கும். அவ்வாறே ஊசி முனையில் படி விளிம்பில் நிற்கும் அணுக்களின் மேல் புலம் மிகுதி. அங்கே ஹீலியம் மிகுதியாக அயனியாகிறது. ஆகவே திரையில் புள்ளிகளால் ஆன வட்டங்கள், வட்டத்திற்குள் வட்டங்கள், அவற்றைச் சூழ வேறு வட்டத் தொகுதிகள் எனப் புள்ளிக் கோலம் ஒன்று தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அணு. ஒளியோ மிக மங்கல். இருட்டறையில் நெடுநேரம் அமர்ந்து கண்களைப் பழக்கிக்கொண்ட பிறகே அது புலப்படும். புகைப்படம் எடுக்கவும் நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டும்.

1956இல் இருவரும் சேர்ந்து, உலோகப் பரப்பில் வாயுக்கள் அயனியாவதைப் பற்றியும் நுண்ணோக்கியின் பிரிதிறனைப் பற்றியும் எழுதிய கட்டுரை அமெரிக்க இயற்பியல் ஏட்டில் வெளிவந்தது. ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் அச்சாகியுள்ளன. ஆயினும் நம் பள்ளிப் பாடநூல்களில் கன்வர் பகதூர் என்னும் பெயரை நாங்கள் கண்டதில்லை. இங்குள்ள மாணவர்களில் எத்தனை பேர் அப்பெயரை இன்றைக்கு முன் கேட்டிருப்பீர்கள்? கையை உயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. பட்டப் படிப்பு முடித்துப் பல்லாண்டு கழிந்த பின்னரே நாங்களும் கேள்வியுற்றோம்.

இவ்விடத்தில் எங்கள் கதையில் ஒரு சிறு பகுதியையும் சொல்ல நேர்கிறது. நாங்கள் பயின்ற கல்லூரியின் பெயர் வேண்டாம். செய்முறை வகுப்பில் ஒரு மேசைக்கு நால்வர். ஒளிமாலைமானியின் திருகைத் திருப்புவோர் எப்போதும் வேறு மூவர். அளவைக் குறித்துக்கொள்வது மட்டும் எங்கள் வேலை. குறிப்பேட்டில் எங்கள் கையெழுத்துத்தான் அழகு என்று பாராட்டும் கிடைத்தது! அப்பாராட்டின் பொருள் அப்போது விளங்கவில்லை. மூன்றாண்டு பயின்றும் கருவியைத் தொட அஞ்சுகின்றவர்களாகவே இருந்தோம். ஒரு மாலையில் ஆய்வக உதவியாளராய் இருந்த முதியவர் ஒருவர், கதவைச் சாத்தும் நேரத்தில் எங்களை உள்ளே அழைத்து, "இப்போது யாரும் இல்லை, திருப்பிப் பாருங்கள், உடைந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அன்று எங்கள் கையாலேயே மஞ்சள் நிறக் கோடு இரண்டாகப் பிரிவதைக் கண்டோம். சோடியம் விளக்கின் அவ்விரு கோடுகளைப் புத்தகத்தில் பலமுறை எழுதியிருக்கிறோம், கண்டது அன்றுதான். எனவே, கன்வர் பகதூர் குளிர்ந்த குடுவையின் முன் இருட்டில் அமர்ந்து தம் கையாலேயே மின்னழுத்தத்தை உயர்த்திய காட்சியை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு அந்த முதியவர் முகமும் உடன் தோன்றும்.

முல்லரின் ஏனைய மாணவர்களைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ரஸ்ஸல் யங் என்பவர், புலத்தால் உருவி எடுக்கப்பட்ட எலக்ட்ரான்களின் ஆற்றல் எவ்வாறு பரவியுள்ளது என்பதை ஆராய்ந்து 1959இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்க அரசின் தேசிய அளவை நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. முனையைக் கொண்டு முனையையே பார்ப்பானேன்? முனையை மற்றோர் உலோகப் பரப்பின் அருகே கொண்டுசென்று, இடையில் ஓடும் மின்னோட்டம் மாறாதவாறு முனையை ஏற்றி இறக்கிக்கொண்டே பரப்பின்மீது குறுக்கும் நெடுக்கும் நடத்தினால் என்ன? குருடர் கோலால் தரையைத் தடவி மேடு பள்ளம் அறிவதுபோலப் பரப்பின் மேடு பள்ளங்கள் வரைபடமாகிவிடுமே! மின்னழுத்தம் தந்தால் நுண்ணளவில் நீளும், சுருங்கும் தன்மையுள்ள பீங்கான் துண்டுகளைக் கொண்டு முனையை நகர்த்தினார். டோபோகிராபைனர் என்று அக்கருவிக்குப் பெயரிட்டார். 1972இல் அதனைப் பற்றிய முழுக் கட்டுரை வெளிவந்தது. ஆனால் அதிர்வுகளை அடக்கி அணுவளவு நுட்பத்தை எட்டுவதற்கு முன்னரே அப்பணி நிறுத்தப்பட்டு, அவர் வேறு பணிக்கு மாற்றப்பட்டார்.

பத்தாண்டு கழிந்தது. 1981இல் சுவிட்சர்லாந்தில் ஐ.பி.எம். ஆய்வுக் கூடத்தில் கெர்ட் பின்னிக், ஹென்ரிக் ரோரர் ஆகிய இருவரும் அதே வழியில் சென்று, அதிர்வை வென்று, முனையைப் பரப்பிற்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோய் வெற்றி கண்டனர். 1986இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவ்வாண்டின் பரிசில் மறுபாதி, எலக்ட்ரான் நுண்ணோக்கியை 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய எர்ன்ஸ்ட் ரஸ்காவுக்கு. ரஸ்காவும் அதைச் செய்தது பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராய் இருந்த காலத்தில்தான். பரிசுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார். பரிசு அறிவிப்பில் ரஸ்ஸல் யங்கின் பெயர் முன்னோடி என்று மதிப்புடன் குறிக்கப்பட்டது. குறிக்கப்பட்டதோடு சரி. பின்னிக், ரோரர் இருவரின் பெருமையை நாங்கள் குறைத்துரைக்கவில்லை. அதிர்வை அடக்கியதே அங்கே அரிய செயல். எனினும் இன்னும் இரண்டாண்டு அவகாசம் யங்குக்குக் கிடைத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்ற கேள்வி எங்களை விட்டு நீங்குவதில்லை.

ஜான் பானிட்ஸ் என்னும் மாணவர் வந்தது 1960களில். அப்போது ஆய்வகத்தில் ஒரு குறை பேசப்பட்டது. திரையில் புள்ளி தெரிகிறது. அது எந்தத் தனிமத்தின் அணு? டங்ஸ்டனா, வேறு கலப்பா? புள்ளிக்குப் பெயர் எழுதியிருக்கவில்லையே! விடையாக 1967இல் ஒரு கருவி அறிவிக்கப்பட்டது. திரையில் ஒரு சிறு துளை. ஐயத்திற்குரிய புள்ளி அந்தத் துளையின்மேல் விழுமாறு ஊசியைத் திருப்புவர். பின் ஒரு கணம் மின்னழுத்தத்தை உயர்த்துவர். அந்த ஓர் அணு பிடுங்கப்பட்டு, அயனியாகி, துளை வழியே பறந்து சென்று மறுமுனையில் உள்ள உணரியைத் தொடும். பறந்த நேரத்தைக் கொண்டு எடையைக் கணக்கிடலாம். இலேசான அணு விரைந்து போய்ச் சேரும்; கனமான அணு தாமதிக்கும். தாமதம் என்று சொன்னாலும், மும்மின்னேற்றம் பெற்ற டங்ஸ்டன் அயனி 10,000 வோல்ட் அழுத்தத்தில் ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ ஆறு பங்குதான் ஆகும். ஒரே ஓர் அணுவைத் தேர்ந்தெடுத்து அதன் எடையைக் காண்பது அதுவே முதன்முறை. 1968இல் வெளியான கட்டுரையில் முல்லர், பானிட்ஸ் ஆகியோருடன், ஆய்வகக் கருவிப் பணிகளில் துணை நின்ற புரூக்ஸ் மக்லேன் பெயரும் இடம்பெற்றது. அக்கருவியின் வழித்தோன்றல்கள் இன்று அணு உலை எஃகிலும் விமான எஞ்சின் உலோகத்திலும் எந்த அணு எங்கே ஒளிந்திருக்கிறது என்று முப்பரிமாணத்தில் காட்டுகின்றன.

தைவானிலிருந்து வந்த தியென் சோங் 1966இல் பட்டம் பெற்று, முல்லருடன் இணைந்து 1969இல் இத்துறைக்கு ஒரு பெரு நூலை ஆக்கினார். உலோகப் பரப்பின்மேல் தனியணு ஒன்று இடம்விட்டு இடம் தத்திச் செல்வதை அளந்தவர்களுள் அவரும் ஒருவர். பின்னாளில் தம் நாட்டுக்குத் திரும்பி, 1990களில் அங்குள்ள தலைமை ஆராய்ச்சிக் கழகத்தின் இயற்பியல் நிறுவனத்திற்கு இயக்குநராய் இருந்தார்.

முல்லர் 1977 மே மாதம் மறைந்தார். அமெரிக்க நாட்டின் தேசிய விஞ்ஞானப் பதக்கம் அவருக்கு மறைவுக்குப் பின்னரே அளிக்கப்பட்டது. நோபல் பரிசு கிட்டவில்லை.

இக்கருவியின் குறைகளையும் மறைத்தல் கூடாது. ஹீலியம் வேண்டும் கடும் புலத்தைத் தாங்கும் உலோகங்கள் சிலவே: டங்ஸ்டன், மாலிப்டினம், பிளாட்டினம், இரிடியம் போன்றவை. இரும்பையும் செம்பையும் அப்புலம் பிய்த்தெறிந்துவிடும். அவற்றுக்கு நியான் போன்ற வேறு வாயுக்களை நாட வேண்டியிருந்தது. ஊசியாகச் செய்ய முடியாத எதையும் இதில் காண இயலாது. யங் வேறு வழி தேடியதற்கும் இதுவே ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

வினாக்கள் பல இருக்கும். உணவு வேளைக்குப் பின் இதே இடத்தில் அமர்ந்திருப்போம். மேடையின் வலப்புறம் ஒரு சிறு மேசை போடப்பட்டுள்ளது. நெடுநாள் தேடிக் கொணர்ந்த பழைய குண்டு பல்பு ஒன்றை உடைத்து அதன் டங்ஸ்டன் இழையை வெள்ளைத் தாளில் ஒட்டி வைத்திருக்கிறோம். பக்கத்தில் சங்கத்தின் பள்ளியிலிருந்து கொணர்ந்த நுண்ணோக்கி. அணு தெரியாது, இழையின் சுருளும் அதன்மேல் உள்ள கீறல்களும் தெரியும். சிறியவர்கள் முதலில் வரட்டும். ஆசிரியர்கள் அருகில் நின்றால் போதும். திருகை மாணவர்களே திருப்பட்டும்.